குஞ்சப்பனை, பலாக்காலம்

பல்லில் சீழ் வைத்ததற்குப் பதினான்கு நாள் மாத்திரை.
பல் அடங்கியது.
பதினைந்தாம் நாள்
வயிறு எழுந்தது.

கோத்தகிரி ஆய்வகத்தில்
மலம் வாங்கிய டப்பாமேல்
'மருதன், யானைக் காவல்' என்று எழுதினாள் சுகிர்தா.
யானைக்குமா டெஸ்ட், என்றான் வரிசையில் ஒருவன்.
சிரிப்பதற்கும் நான்
இடுப்பை இறுக்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

டாக்டர் ஹேமாவதி ஜோகி
சீட்டின் பின்பக்கம் ஒரு கோடு கிழித்தார், குடல் சுவர்.
கோட்டின்மேல் வழவழப்பாய்ப் பசை.
பசைக்கு அப்பால் புள்ளிகள், புள்ளிகள்,
பேனா திணறும்வரை.
இத்தனையும் உங்களோடு குடியிருப்பவை, என்றார்.
உங்களால் செரிக்க முடியாததைச் செரித்துத் தருபவை.
மாத்திரை முகம் பார்க்காமல் காலிசெய்துவிட்டது;
காலி இடத்தில்
ஒரு போக்கிரி கூடாரம் போட்டுவிட்டான்.

இத்தனை நாள் யார் பார்த்துக்கொண்டது?

உடம்புதான். ஒரு நாளைக்குச் சில கிராம் காவலை
குடலுக்குள் ஊற்றிக்கொண்டே இருக்கிறது.
பெரும்பாலும் அது கொல்வதில்லை.
வந்து ஒட்டும். ஒன்றோடு ஒன்றைப் பிணைக்கும்.
சுவரை உரசவிடாது.
அவ்வளவுதான் அதன் வேலை.

அதற்குமேல் அவர் சொன்னதை
நான் கேட்டதாக நினைவில்லை.

வெடி போட்ட வருஷம் ஞாபகம் வந்தது.
பலாத் தோப்புக்கு வழக்கமாய் வரும் கூட்டம்,
குட்டியோடு ஆறு உருப்படி,
ஒரே இரவில் கலைந்து ஓடியது.
ஊர் கைதட்டியது.
நான்காம் நாள் அந்த வெறும் தடத்தில்
எங்கிருந்தோ இறங்கினான் ஒற்றைக் கொம்பன்.
ரேஷன் கடைச் சுவர்
அரிசி மூட்டைக்குமேல் சரிந்து கிடந்தது.

இது ஆனி.
மூன்று வாரம் கழித்து இன்றுதான் பணி.
மதியம் ரசஞ்சோறு, நின்றது.
இரவு, பழுத்த வாசனை
மலைச்சரிவெங்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.
கீழ்த்தோப்பில் பழம் பிளக்கும் சத்தம்;
குட்டி எதற்கோ அடம்பிடிக்கிறது.
வீடுகளுக்கும் அவற்றுக்கும் நடுவே
நாங்கள் நான்கு பேர்,
நான்கு டார்ச்.
எதிலும் அடிக்கவில்லை வெளிச்சம்,
தரையில் ஒரு கோடாய் மட்டும்.

வாக்கிடாக்கி கரகரத்தது.
போயிடுச்சா மருதா?
இருக்குது சார்.

பட்டனிலிருந்து விரலை எடுப்பதற்குள்
வயிறு ஒருமுறை உறுமியது,
நீளமாக, நிதானமாக,
உள்ளே யாரோ திரும்பி வந்து
பாய் விரிப்பதுபோல்.

அங்கே என்னப்பா சத்தம், என்றார் ரேஞ்சர்.