மூன்றாம் நாள், பீடோங் வழி

ஐந்தரைக்கே பசியாறிவிட்டோம்.
எனக்குத் தே ஓ கோசோங், பாதி ரொட்டி சானாய்.
இனிப்புநீர் நடக்கச் சொன்னது,
நடக்கிறேன்.
ஆறு நாள் நடையில்
எனக்கு லீவு கிடைத்தது இந்த ஒரு நாள்.
பத்தொன்பது வருடம் இதே சடக்கில்
செம்பனைக் குலை ஏற்றி லோரி ஓட்டியவன்;
இது இத்தனை மேடு என்று
இன்றைக்குத்தான் தெரிகிறது,
முழங்கால் சொல்லி.

முன்னால் குணசுந்தரி, கையில் முத்திரைப் புத்தகங்கள்.
அடுத்து சோங், ஓய்வுபெற்ற பல்வைத்தியர்,
எதைக் கண்டாலும் குனிந்து
வாய்க்குள் பார்ப்பது போல் பார்ப்பார்.
நூராய்னியின் குடை மழைக்கல்ல, நாய்க்கு.
கடைசியில் நான்.

சுங்கை பத்துவில்
உலை எரிந்த தடம், தகரக் கூரைக்குக் கீழே.
காலால் தட்டினால் கிட்டம்:
கறுத்து, நுரைத்து, நுரைத்தபடியே இறுகியது.
சுட்ட மண் ஊதுகுழாய்கள் குவியலாக.
சோங் ஒன்றை எடுக்கப் போனார்.
காவலர் இருமினார்.
வைத்துவிட்டார்.
இரும்பு இங்கிருந்து கப்பலேறியதாம்.
ஆறு எங்கே என்றேன்.
காவலர் முகவாயால் காட்டினார்:
வேலிக்கு அந்தப் பக்கம்
வரிசை வரிசையாய்ச் செம்பனை.
அங்கே நான் குலை ஏற்றியிருக்கிறேன்.
ஆற்றின் மேல் லோரியை நிறுத்தி
டயர் மாற்றியிருக்கிறேன்.

அடுத்த முத்திரை ஒரு சண்டி.
கூரை இல்லை, சுவர் இல்லை, சாமி இல்லை.
தூண் நின்ற கற்கள் மட்டும்,
கல்லுக்கு ஒரு சதுரக் குழி.
மரம் உளுத்துப் போனபின்
குழி மழையைப் பிடித்து வைத்திருக்கிறது.
தலைப்பிரட்டைகள் நான்கு, அவசரமில்லாமல்.
சப்பாத்தைக் கழற்றுவதா என்று
குணசுந்தரி காதோடு கேட்டாள்.
நூராய்னி ஏற்கெனவே கழற்றியிருந்தாள்.
உள்ளே கல் புகுந்துவிட்டதாம்.

உச்சி வெயில்.
ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே
வரைபடத்தில் வெறும் பச்சை.
அங்கே மூன்று படிகள். ஏறினால் ஒன்றுமில்லை:
செங்கல் மேடை, நடுவில் வாய்க்கால்,
மிஞ்சிய தூணில் துருப்பிடித்த கொக்கி.
சோங் மூச்சை உள்ளே இழுத்தார்.
சாமிக்கு ஊற்றிய தண்ணீர் போகிற வழி என்றார்,
மலாயில், தணிந்த குரலில்.
முழந்தாளிட்டுப் படம் எடுத்தார்.

எனக்குத் தெரியும்.
வாய்க்கால், வாளி கழுவின தண்ணீருக்கு.
கொக்கி, தராசுக்கு.
கித்தாப் பால் நிறுத்த கொட்டாய் இது.
கிராணி உட்கார்ந்த இடத்தில்
இப்போது சோங்கின் பை.
வாளிக்கு அரைக் கிலோ தண்ணீர் என்று
கழித்துத்தான் எழுதுவார்கள்.
அந்த அரைக் கிலோக்களை என் அம்மா
சாகும்வரை கூட்டிக்கொண்டே இருந்தாள்.

சொல்லிவிட்டேன்.
எத்தனை வருடம் பழசு என்றார்.
அறுபது இருக்கும்.
முகம் விழும் என்று நினைத்தேன்.
இன்னொரு படம் எடுத்தார்,
கொக்கியை மட்டும், கிட்டப் போய்,
சொத்தைப் பல்லைப் பார்க்கிற மாதிரி.

இங்கே குத்த முத்திரை இல்லை.
நூராய்னி உதிர்ந்த பழம் ஒன்றைப் பொறுக்கி
படியில் நசுக்கி, கட்டைவிரலைத் தோய்த்து
நாலு புத்தகத்திலும் அழுத்தினாள்.
மஞ்சள் எண்ணெய் தாளுக்குள் ஊறி
அடுத்த பக்கத்து ஆறு
இந்தப் பக்கம் தெரிந்தது, திரும்பிய முகமாய்.

மெர்போக் சடக்கில் எங்கள் கம்பெனி லோரி.
ஏகாம்பரம் எட்டிப் பார்த்தான்:
"என்னண்ணே, காடி ரோசாக்கா?"
"இல்லடா. நடக்கிறேன்."
"எங்க?"
யோசிப்பதற்குள் பின்னால் ஒருவன் ஹார்ன் அடித்தான்.
போய்விட்டான்.

ராத்திரி, சப்பாத்தைக் கவிழ்த்தேன்.
மண், ஒரு புல், அப்புறம்
டொக்கென்று ஒன்று:
கறுத்து, நுரைத்து, மிளகளவுக்குக் கொஞ்சம் பெரிசு.
காவலருக்குத் தெரியாமல்
என் குதிகாலுக்கு அடியில்
பதினாலு கிலோமீட்டர்.

திங்கட்கிழமை அந்தப் பக்கம் லோடு இருக்கிறது.
ஜன்னல் வழியாக எறிந்தால்
வேலிக்குள் விழுமா என்று பார்க்க வேண்டும்.