அதா

கல்மண்டபம் மார்க்கெட்டில்
இஞ்சியை ஒடித்துப் பார்த்துத்தான் வாங்குவேன்.
நார் நூலாய் இழுத்தால் முற்றல்.
முற்றல்தான் கடலுக்கு ஆகும்.

ஓனரிடம் நீட்டும் சீட்டில்
எப்போதும் அது கடைசி வரி.
டீசல், ஐஸ், அரிசி, புளி,
பீடிக்கட்டு வரைக்கும் பேசாமல் படிப்பவர்
அங்கே வந்ததும் பேனாவைத் தட்டுவார்:
"மீனுக்கா, உனக்கா?"
அரை கிலோ, கால் கிலோ ஆகும்.
பண்டாரிக்கும் வயிறு உண்டென்று
எந்தக் கணக்கிலும் இல்லை.

காசிமேட்டை விட்ட முதல் ராத்திரி.
எண்ணூர்ப் புகைபோக்கிகளின் சிவப்பு விளக்குகள்
மேலே போய்க் கீழே வந்தன.
புதுப் பையன் தைதாரி, ஒரிசாக்காரன்,
வலைக் குவியலில் சுருண்டு கிடந்தான்.
சோறு போச்சு, தண்ணீர் போச்சு,
பிறகு பச்சையாய்ப் பித்தம்.
தலையைத் தூக்கி ஒரே சொல்:
"அதா."

எல்லோரும் பார்த்தோம்.
ஸ்ராங்கு தேசப்பன் டார்ச் அடித்தார்.
மிதவையா? எவன் வலையாவது கிடக்கிறதா?
கிழக்கே தண்ணீர், தண்ணீருக்கு அப்பால் தண்ணீர்.
"அதா, அதா."
"எதுடா? பேஜாரு புடிச்சவன்,
சும்மா கெடக்குற கடலக் காட்றான்."

அவன் கை என் பக்கம் நீண்டது.
பகலெல்லாம் ஐஸ்கட்டி இறக்கி
வீங்கிப்போன விரல்கள்.
அவற்றைக் கோணலாய் மடக்கி
கணுக்கணுவாய்க் காட்டினான்,
மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தான்.

அட, இஞ்சி.
அவன் ஊரில் அதற்கு அதுதான் பேர்.

உப்பு டப்பாவில் ஒளித்திருந்த
என் பங்கை எடுத்தேன்.
தோலில் நஞ்சு என்பார்கள்,
ஸ்பூன் விளிம்பால் சுரண்டினேன்.
கழுவிய போல்ட்டால் நசுக்கிப் பிழிந்தேன்.
சாற்றைத் தெளிய வைக்க வேண்டும்.
வெள்ளை மண்டி அடியில் தங்கியபின்
மேலோடு வடித்துக் கொடுக்க வேண்டும்.
தரையில் இருந்தவன் சொன்ன முறை.
படகில் எது தெளியும்?
டம்ளரை முட்டிகளுக்கு நடுவே இடுக்கி
வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.
மண்டி விழுந்தது, எழும்பியது, விழுந்தது.
கலங்கலையே கொடுத்தேன்.
குடித்து என் லுங்கியிலேயே கக்கினான்.

"இஞ்சி தின்ன கொரங்கு," என்றார் ஸ்ராங்கு,
எங்களில் யாரைச் சொன்னாரோ.

மிச்சத்தைச் சில்லாக நறுக்கி
உப்பில் தொட்டு,
கடைவாயில் அடக்கு, விழுங்காதே என்று
சைகையில் சொல்லிக்கொடுக்க
நானும் ஒன்றை அடக்கிக்கொண்டேன்.
சொல்லிக்கொடுக்கத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.
எனக்கும் புரட்டுகிறது.
பதினாறு வருஷமாய், கரை மறைந்ததும்
புரட்டுகிறது.
யாரிடமும் சொன்னதில்லை.

காரம் காதுவரை ஏறியது.
அவன் என் வாயைப் பார்த்தான்,
என் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்தான்,
சற்று நகர்ந்து
வலையில் எனக்கு இடம் விட்டான்.

விடியும்போது பழைய சோற்றில் கை வைத்தான்.
வெங்காயம் கேட்டான், அதையும் வேறு பேரில்.

ஒன்பதாம் நாள் கரை.
அடுத்த நடைக்குச் சீட்டு எழுதினேன்.
கடைசி வரி: அதா, ஒரு கிலோ.
பேனாவைத் தட்டிய ஓனர்
"எதுய்யா?" என்று
எழுந்து நின்று
கடலைப் பார்த்தார்.