நாற்பதைக் கழி

திருமயம் தாண்டினால் மூன்றிலேயே நின்றுவிடுகிறது,
கழுத்தைப் பிடித்த மாதிரி, என்றார் வயிரவன்.
திருச்சி விமான நிலையத்திலிருந்து
கானாடுகாத்தான் ஓட்டலுக்கு ஆள் ஏற்றும் வண்டி.
பின்சீட்டில் பெல்ஜியத் தம்பதி.
ஏசி ஊளையிட, அதற்கு மேல் இன்ஜின் ஊளையிட.
மூன்று மெக்கானிக் பார்த்தாயிற்று,
மூவருக்கும் ஒரே வார்த்தை: சாப்ட்வேர்.
கை எட்டாத இடத்துக்கெல்லாம் இப்போது அதுதான் பெயர்.

கமருதீன் பெட்டியைக் கழற்றித் தந்தான், சோப்பு டப்பா அளவு.
புதுவயலில், அரிசி ஆலைக்கு மேலே என் அறையில்
பன்னிரண்டு வோல்ட் கொடுத்து
கார் இல்லாமலே அதை எழுப்பினேன்.
எழுந்ததும் சக்கரத்தைத் தேடியது.
மிதி எங்கே, எண்ணெய் எங்கே என்று
நொடிக்கு நூறு தரம் கேட்டது.
பதிலுக்கு இரண்டு மின்தடைகளைத் தொங்கவிட்டேன்.
அதில் ஒன்று
எண்ணெயின் சூடாக நடித்தது.

பிறகு வாசிப்பு.
ஐந்து லட்சத்துச் சொச்சம் பைட்.
எழுதியவர் வைத்த பெயர் ஒன்றும் மிஞ்சவில்லை,
கம்பைலர் அரைத்து உமியை ஊதிவிட்டது.
அரிசியைப் பார்த்து நெல்லின் பெயரைச் சொல்ல வேண்டும்.

நானே வைத்தேன்:
பொறு. ஏறு. இறங்கு. அழுத்தத்தைக் குறை.
ஒன்றுக்கு, முதல் இரவே, திருடன்.
எப்போது பார்த்தாலும்
மூன்றாம் கியர் அதன் கையில் இருந்தது.

முகப்பு, வளவு, கட்டுக்குள் கட்டு என்று
எங்கள் பக்கத்து வீட்டை உவமை சொல்லத் தோன்றும்.
பொருந்தாது. வீட்டுக்கு வாசல்கள் உண்டு.
இங்கே தாவல்தான்,
அடுப்படியிலிருந்து நேரே கிணற்றுக்குள்.

ஆறாம் இரவு ஓர் அட்டவணை,
பதினாறுக்குப் பதினாறு.
மிதி இவ்வளவு, வேகம் இவ்வளவு, கியர் இது.
எண்கள் ஒழுங்காகப் படியேறின. பிசகில்லை.
பதினோராம் இரவு
திருடனின் மடியில் ஒற்றை பைட்: ஏஏ.
நூற்றெழுபது.
அதில் நாற்பதைக் கழி.
பூஜ்யத்துக்குக் கீழேயும் எண்ண வேண்டிய ஊரில்
பனியில் நிற்கும் வண்டிக்கென்று ஒதுக்கிய நாற்பது.
நமக்கு நாற்பது என்றால்
வைகாசியில் காரைக்குடி பஸ் ஸ்டாண்ட்.
மிச்சம் நூற்றுமுப்பது டிகிரி.
எண்ணெய் அதைத் தாண்டினால்
மூன்றைப் பிடி. விடாதே.

"அந்த நம்பரை ஏத்தி விடு தாயி, முடிஞ்சுது."

முடியும்தான்.
ஏஏ-வை சிசி ஆக்கி, கடைசிக் கூட்டுத்தொகையைச் சரிக்கட்டி
மூடிவிட்டால் பெட்டிக்கே தெரியாது.
அடித்தும் வைத்தேன். எழுதவா என்று திரை கேட்டது.
சும்மா இருக்காமல் மின்தடையைத் திருகினேன்.
நூற்றிருபத்தொன்பது: நான்கு, ஐந்து, தாராளமாய்.
நூற்றுமுப்பத்தொன்று: மூன்று.
விடியும்வரை திருகினேன்.
ஒரு தரம்கூட அது பொய் சொல்லவில்லை.
அப்படியென்றால் திருமயத்தில்
எண்ணெய் நிஜமாகவே கொதித்திருக்கிறது.

கமருதீனைக் கூப்பிட்டேன். பம்பரைக் கழற்று.

எண்ணெய்க் குளிரூட்டியின் முகமெல்லாம்
செம்மண், இரண்டு குளவிக்கூடு,
அவற்றின்மேல் காற்று அறைந்து ஒட்டிய
கல்யாண ஃபிளெக்ஸ் ஒன்றின் கிழிசல்:
மாப்பிள்ளையின் ஒரு காது,
'வருக வரு'.

கூலி பேசும்போது வயிரவன் கேட்டார்,
"நீ ஒண்ணும் மாத்தலையே?"
மாற்றவில்லை, படித்தேன்.
"படிச்சதுக்கா காசு?"
பாதி தந்தார். குளவி கொட்டிய கமருதீனுக்கு முழுசாய்.

வண்டி போய்விட்டது, கோப்பு இருக்கிறது.
திருடன் என்பதை அழித்தேன்.
காவல் என்று அடித்து அதையும் அழித்தேன்.
இந்த வெயிலைப் பார்க்காமலே
இந்த வெயிலுக்குப் பயந்த ஒருவர்
இதற்கு ஏதோ பெயர் வைத்திருப்பார்.
இப்போது அங்கே வெறும் முகவரி,
பக்கத்தில் கர்சர் துடிக்கிறது.
கீழே ஆலை அடுத்த மூட்டையை அவிழ்க்கிறது.