எட்டாம் சரிவு

படிவத்தில் எண்ணுக்கு மட்டுமே இடம்.
சரிவு, தேதி, ஆழம், அடுக்கடுக்காய் வெப்பம்.
தசமப் புள்ளிக்குக்கூட ஒரு கட்டம் உண்டு,
தயக்கத்துக்கு இல்லை.

அதனால் ஹால்பெரா
பதினோரு குளிர்காலமாய்
கோப்புக்கு உள்ளே எண்ணை எழுதினாள்,
கோப்பின் முதுகில் மற்றதை.
"கண்ணில் பனி அடித்தது. கம்பு பாறையில் முட்டியிருக்கலாம்."
"அடி அடுக்கு சர்க்கரை போல் உதிர்கிறது. பிடிக்கவில்லை."
"சாலையிலிருந்தே பார்த்தேன். ஏறப் பயம்."
திறந்தால் தெரியாது.
கேட்கத் தெரிந்தவர் கேட்டால் மட்டும்
வாய் திறக்கும் பண்பு அது.

ஜனவரியில்
ஐஸ்லாந்தின் மேற்கு ஃபியோர்டில்
பனிச்சரிவு பார்க்கும் அந்த இரண்டறை அலுவலகத்துக்குப்
புதுக் கணினி வந்தது.
இடம் மாற்றியவன் சோல்வி.
இரவு மூன்று மணி, ஆறிய காப்பி,
விளக்குக் கம்பத்தில் காற்று ஊளையிட
தார் என்ற சின்னக் கட்டளையைத் தட்டினான்.
பெயர் பொருத்தம்தான்:
காய் ஒன்று சிந்தாமல்
குலையோடு தூக்கித் தரும்.
தோலில் யாரோ நகத்தால் கீறியதையும்
கொண்டுவா என்று தனியாகச் சொல்ல வேண்டும்,
கட்டும்போது ஒருமுறை,
அவிழ்க்கும்போது மறுபடி.
அவன் சொல்லவில்லை.

நாலாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு கோப்பு.
தலை எண்ணினான், சரி.
ஒவ்வொன்றின் கைரேகையையும்
பழையதோடு ஒப்பிட்டான், சரி.
எல்லாம் சரி என்று குறித்துவிட்டுத் தூங்கப் போனான்.
பொய் இல்லை.
கைரேகை கையைத்தான் பார்க்கும்,
கை நடுங்கியதா என்று பார்க்காது.

காலையில் புதுத் திரையில் வரைபடம்.
ஈரக் கையுறையோடு வந்து நின்ற ஹால்பெரா
நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.
பிறகு கேட்டாள்:
"எட்டு ஏன் இவ்வளவு தைரியமாய் இருக்கிறது?"

எட்டாம் சரிவுக்குக் கீழேதான் பள்ளிக்கூடச் சாலை.
முதுகில் எழுதியதைப் படித்து
நேற்றுவரை மங்கலாகவே காட்டிய நிறம்
இன்று கெட்டியான நீலம்.

மெய்யெழுத்தின் தலையிலிருந்து
புள்ளி உதிர்ந்தால் என்ன ஆகும்?
வாய்க்குள் பாதியில் நின்ற ஒலி
முழு உயிர் பெற்றுக் கத்தும்.
அப்படித்தான்
அவளுடைய "இருக்கலாம்" எல்லாம்
இரவோடிரவாக "இருக்கிறது" ஆகியிருந்தன.

சோல்வி ஒரு கோப்பின் முதுகைக் கேட்டான்.
பதில் இல்லை, பிழையென்றும் இல்லை,
அடுத்த கட்டளைக்குக் கண்சிமிட்டும் கோடு மட்டும்.

பழைய பெட்டி நடைவழியில்
மேலங்கிகளுக்கு அடியில் கிடந்தது,
"கழிவு, வியாழன்" என்ற சீட்டோடு.
அன்று புதன்.

"பேனா டிரைவில் ஏற்றிவிடலாமா?"
"வேண்டாம். அதற்கு முதுகே கிடையாது."
கேபிளைச் செருகினான்.
கட்டும்போது சொன்னான். அவிழ்க்கும்போதும் சொன்னான்.
அவனை அறியாமல் உரக்கவே சொல்லிவிட்டான்.

வந்தன.
பாறையில் முட்டிய கம்பு, சர்க்கரை, பயம்.
நீலம் ஓரங்களில் கரைந்து
பழையபடி சந்தேகப்பட்டது.

முந்நூற்றுச் சொச்சம் மட்டும் வரவில்லை.
எப்போதோ ஒரு கோடையில் தோர்க்னீர்
பேனா டிரைவில் வீட்டுக்கு எடுத்துப்போய்த்
திருப்பி வைத்த கோப்புகள்.
பழைய பெட்டியிலேயே அவை ஊமை.
இத்தனை நாள் எவருக்கும் தெரியாது.

"நினைவிருக்குமே, திருப்பி எழுதேன்" என்றான் சோல்வி.
சிலவற்றுக்கு விரல்வரை வந்தது.
அந்த மார்ச்சில் கண்டிப்பாய்ப் புயல் இருந்திருக்கும்,
அந்த நாளில் முழங்கால் வலி.
ஜோடித்தால் யார் கேட்கப் போகிறார்கள்?
விளக்கு வைக்கும் நேரம்வரை உட்கார்ந்து
ஒவ்வொன்றாய் எழுதினாள்,
முந்நூறு முதுகிலும் ஒரே சொல்:
"மறந்துவிட்டது."

சாலையை மூடினார்கள்.
பேருந்து ஓட்டும் குன்ஹில்டுர்
வானத்தைக் காட்டிச் சண்டை பிடித்தாள்:
ஒரு மேகம் உண்டா, பாருங்கள்!
அன்று எட்டில் எதுவும் சரியவில்லை.
மறுநாளும் இல்லை.

அன்றைய கோப்பில் ஹால்பெரா
ஆழம் நூற்று நாற்பத்தாறு என்று போட்டாள்.
முதுகில்:
"சரியவில்லை. ஏனென்று தெரியாது.
இதைத் தைரியமென்று எடுத்துக்கொள்ள வேண்டாம்."