பதினொரு விநாடி

ஒலிப்பதிவில் நாற்பத்திரண்டாம் நிமிடம்.
எடெல்மிரா பேச்சை நிறுத்துகிறாள்.
விறகு வெடிக்கும் சத்தம், தகரக் கூரையில் சிலோயே தீவின் மழை.
பதினொரு விநாடி.
பிறகு சொல்கிறாள்:
"மேலே கொண்டாந்தப்போ
ஒரு கையுறை கழண்டிருந்துச்சு."

எங்கள் குழுவின் விதி:
சொல்லை மாற்றாதே, இருமலை வெட்டாதே.
"இல்ல, இல்ல" என்று அவள் இருமுறை சொன்னால்
நீயும் இருமுறை.
காதில் கருவி மாட்டி
அவள் மூச்சுக்கு அரை மூச்சு பிந்தி
மூன்று மாதம் பேசிப் பழகினேன்,
பஸ்ஸில், குளியலறையில்,
ஒருமுறை அம்மாவோடு போனில்.
யார் பேசுறது? என்றாள் அம்மா.

பதினொரு விநாடியில் மட்டும்
எனக்கென்று கொஞ்சம் இடம் கிடைத்தது.
அதில் அழுதேன்.
தாடை மட்டும் இறுகும், சத்தம் வராது.
ரென்சோ அங்கே விளக்கைத் தணித்தான்.

மீனவர் சங்கக் கூடத்தில் ஒத்திகை.
நனைந்த பூட்ஸோடு வந்தாள்,
மேல்கோட்டைக் கழற்றாமலே பார்த்தாள்.
முடிந்ததும் கேட்டாள்:
"அந்த இடத்துல எதுக்கு அழுத?
அடுப்புல மில்காவோ இருந்துச்சு,
கருகுதான்னு எட்டிப் பாத்தேன்.
கருகிடுச்சு.
அடிய சுரண்டிட்டுத்தான் ஒங்களுக்கு வச்சேன்."

உருளைக்கிழங்கு அப்பம்.
ஆளுக்கு இரண்டு தின்றோம்.
ருசி என்று வேறு சொன்னோம்.

அதோடு விடவில்லை.
"ஏழாம் பக்கத்த எடுத்துரு."
கருவியை அணைத்த பிறகு, வாசலில்,
கதவுப் பிடியில் கை வைத்தபடி
அவள் சொன்ன ஒரே வாக்கியம்.
ரென்சோ படகில் வைத்து எழுதியது.
"கையெழுத்து போட்டிருக்கீங்க" என்றான்.
"படிச்சுத்தான் போட்டேன்.
வாசல்ல சொன்னது அந்தக் காகிதத்துல இல்ல."
"நாடகத்தின் உயிரே அதுதான்."
"இருக்கும்.
எனக்கும் அதேதான்."

பெயரை மாற்றலாம் என்றான் இரவெல்லாம்.
முக்குளித்துச் செத்தவர்களின் மனைவிமார்
நாலே பேர் இருக்கும் ஊரில்
எந்தப் பெயருக்குள் ஒளிய?
கிழித்தோம்.
நாடகம் ஒன்பது நிமிடம் குறைந்தது,
மூன்றாம் காட்சியில் ஓட்டை விழுந்தது.
ஓட்டை ஓட்டையாகவே இருக்கிறது.
அந்த வாக்கியம் எனக்கு மனப்பாடம்.
இங்கேயும் எழுதமாட்டேன்.

போகும்போது கேட்டாள், டிக்கெட் எவ்வளவு?
சொன்னோம்.
"எவரிஸ்தோ அதுக்கு ரெண்டு தடவ
தண்ணிக்குள்ள போகணும்."
இளிக்கவுமில்லை, திட்டவுமில்லை,
கணக்குச் சொன்னாள், அவ்வளவுதான்.

முதல் காட்சி.
பதினொரு விநாடி வந்தது.
இடப்பக்கம், ஒன்றுமில்லாத இடத்தை
கழுத்தை நீட்டிப் பார்த்தேன்.
இருட்டில் யாரோ விசும்பினார்கள்.
விசும்பட்டும், அது அவர்கள் பாடு.
நான் அப்பம் கருகுகிறதா என்று
பார்த்துக்கொண்டிருந்தேன்.