ஆறும் ஆறும்

மண்டபத்தில் எங்கள் அலுவலகம்
ஐஸ் கம்பெனிக்கு மேல்மாடி.
கீழே கட்டி நொறுக்கும் இயந்திரம் ஓடினால்
மேசையில் என் தேநீர் வட்டம் வட்டமாக நடுங்கும்.
எஞ்சின் நின்றுபோன படகு
எந்தப் பக்கம் மிதந்து போகும் என்று சொல்லும் ஒரு நிரல்.
அது சொல்வது சரியா என்று
நான் சொல்ல வேண்டும். அதற்குத்தான் சம்பளம்.

"சரியான விடை எது?" என்றார் துறையிலிருந்து வந்தவர்.
தெரியாது என்றேன்.
தெரிந்தால் நிரல் எதற்கு?
கடல் விடைத்தாளைத் திருத்திக் கொடுப்பதில்லை.
வாங்கி வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

ஆகவே விடையை விட்டுவிட்டு
விடைகளுக்குள் உறவுமுறை பார்த்தேன்.

படகின் பெயரை மாற்றினேன்,
'ஆரோக்கிய அன்னை' என்பதை 'மதினா' என்று.
நின்ற இடம் மாறவில்லை. நல்லது,
காற்றுக்குப் பெயர் வாசிக்கத் தெரியாது.
பட்டியலைத் தலைகீழாக்கினேன்,
மூக்கையூர் முதலில், தொண்டி கடைசியில்.
ஓர் எண்ணும் அசையவில்லை.

பிறகு பன்னிரண்டு மணி நேரத்தைக்
கருவாட்டுக்குக் கீறும் மீனாக நடுவில் கீறினேன்.
ஆறு மணி நேரம் மிதக்கவிட்டு
நின்ற இடத்தைக் குறித்துக்கொண்டு
அங்கிருந்து இன்னோர் ஆறு.
ஆறும் ஆறும் பன்னிரண்டு,
வடகடலிலும் தென்கடலிலும்.
ஒரே மூச்சில் போன படகு
குருசடைத் தீவுக்குத் தெற்கே நின்றது.
இரண்டு மூச்சில் போனது
பதினொரு கிலோமீட்டர் தள்ளி.

எது சரி? அப்போதும் தெரியாது.
இரண்டில் ஒன்றாவது பொய் என்று மட்டும் தெரிந்தது.
இரவு ஒன்பதரைக்கு அகப்பட்டது:
ஒவ்வொரு முறை தொடங்கும்போதும்
காற்றுக் கோப்பை முதல் வரியிலிருந்து வாசிக்கிறது.
காலையில் அடித்த கச்சானே
இரண்டாவது ஆறிலும் அடித்திருக்கிறது,
சாயங்காலமே வராத ஒரு நாளில்.

திருத்தினோம். திரையில் பச்சையாக ஒரு வரிசை.
ஹமீதா மிக்சர் பொட்டலம் பிரித்தாள்,
பிரித்துக்கொண்டே கேட்டாள்:
"எதைக் கேட்டாலும் 'படகு நகரவே இல்ல'ன்னு சொல்ற நிரலும்
இது எல்லாத்துலயும் பாஸ் ஆயிரும்ல?"
மிக்சரில் கடலை தேடிய விரல் அப்படியே நின்றது.
காற்றை இரட்டித்தால் தூரம் கூட வேண்டும்
என்று இன்னொரு வரி சேர்த்தோம்.
போதாது என்று இருவருக்கும் தெரியும்.
பொட்டலத்தை மடித்துக் குப்பையில் போட்டாள்.

வியாழக்கிழமை மீன்துறை அலுவலகத்தில்
ஒரு கையெழுத்துக்காக நின்றேன்.
எனக்கு முன்னால் தங்கச்சிமடத்து ரெஜினாள்.
ஒன்பது நாள். டோக்கன் எண் மனப்பாடம்.
"வந்துருவாகளா சார்?"
"ஆமாம்மா," கோப்பிலிருந்து தலை எடுக்காமல்.
அவள் நகரவில்லை.
முந்தானையை ஒரு சுற்று இறுக்கிக்கொண்டாள்.
"வர மாட்டாகளா சார்?"
"ஆமாம்மா."

அவள் திரும்பி என்னைத்தான் பார்த்தாள்.
மின்விசிறிக்குக் கீழே
பேப்பர் வெயிட் இல்லாத தாள்கள் படபடத்தன.

படியில் இறங்கும்போது பிடித்துக்கொண்டாள்.
"நீங்க அந்தக் கம்ப்யூட்டர்க்காரவுகதான?
எங்க இருப்பாகன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாக.
எங்க இருக்க மாட்டாகன்னு ஒங்க மிசின் சொல்லுமா?
அந்தப் பக்கம் டீசலை வீணாக்காம இருக்கலாம்."

அப்படி ஒரு கேள்வியை
இதுவரை நாங்கள் அதனிடம் கேட்டதே இல்லை.

இரவு கீழே இயந்திரம் ஓடவில்லை. தேநீர் அசையவில்லை.
கேட்டேன்.
இருக்கக்கூடிய கடலைக் கட்டம் கட்டமாகத் தந்தது,
இருக்க வாய்ப்பில்லாத கடலைத் தனியாக.
சோதனைப் பட்டியலின் அடியில் எழுதினேன்:
இரண்டும் சேர்ந்தால்
ஒரு முழுக் கடல் வர வேண்டும்.

கூட்டிப் பார்த்தேன்.
ஒரு கட்டம் குறைந்தது.
வரிசையை மாற்றிக் கூட்டினேன்.
அதே ஒரு கட்டம்.