லாம்

கழனிவாசல் கிட்டங்கியில்
குண்டு வத்தல் நெடிக்குத் தும்மிக்கொண்டே
மூன்று வருடமாய் வாசிக்கிறாள் சிகப்பி,
பிரஸ்ஸல்ஸில் வளரும் ஒரு சட்டத்தை.

ஆணையத்தின் வரைவில்
'சோதிக்கலாம்' என்றுதான் இருந்தது.
நாடாளுமன்றம் அந்த 'லாம்'மை அடித்து
'வேண்டும்' போட்டது.
இருபத்தேழு நாட்டு அமைச்சர்கள்
வேண்டும் இருக்கட்டும்,
முன்னால் ஓர் 'இயன்றவரை' என்றார்கள்.

பிறகு மூன்று தரப்பும் கதவைச் சாத்திக்கொண்டு
விடிய விடிய.
திறந்தபோது 'இயன்றவரை' இல்லை,
பதினோரு பக்கப் பின்னிணைப்பு இருந்தது.

மூட்டை ஏற்றும் வெள்ளைக்கண்ணு கேட்டான்:
"யாரு போட்ட சட்டம்?"
முன்மொழிந்தவர்களுக்கு ஓட்டில்லை,
ஓட்டுப் போட்டவர்கள் முன்மொழிய முடியாது
என்று ஆரம்பித்தாள்.
"அப்ப தானா முளைச்சதாக்கும்"
அடுத்த மூட்டைக்குக் குனிந்துவிட்டான்.

கருத்துக் கேட்டபோது
அவளும் நாலு வரி அனுப்பியிருந்தாள்,
எங்கள் களத்து வெயிலைப் பற்றி.
'பெறப்பட்டது' என்று பதில் வந்தது.
அதை இன்னும் அழிக்கவில்லை.

அரசிதழில் ஏறியது,
இருபத்து நான்கு மொழிகளில்.
இருபதாம் நாள் காலை
தூத்துக்குடிக்குப் போக வேண்டிய லாரி
எஞ்சினை அணைக்காமல் நிற்கிறது.
டிரைவர் தலையை நீட்டுகிறார்:

"போகலாமா?"